பழைய ஸ்பீக்கர் பேசும், பேஸ் பாடுமா?
தோட்டத்து மேடைக்கு அடிக்குரல் வந்த கதை

கோலசிலாங்கூர் பக்கம் பழைய சாமான் கடையில் தூசி படிந்த 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கிடந்தால், இசைக்குழு வைத்திருப்பவரின் கை சும்மா இருக்காது. எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். பின்னால் காந்தம் பெரியதா, சீட்டில் எத்தனை வாட் போட்டிருக்கிறது, எந்த நாட்டுச் சரக்கு என்று மூன்றையும் பார்த்துவிட்டு விலை கேட்பார். பேஸ் கித்தாருக்கு ஸ்பீக்கர் தேடுகிறவருக்கு இந்த மூன்றும் பாதி உதவிதான் செய்யும். அந்த ஸ்பீக்கர் எந்தக் காலத்தில், எந்த வேலைக்கென்று செய்யப்பட்டது என்று தெரியாமல் வாங்கினால், முதல் திருவிழா முடிவதற்குள் கூம்பு கிழிந்து கையில் வந்துவிடும்.

பேசுவதற்கென்று பிறந்த ஸ்பீக்கர் வேறு, பாடுவதற்கென்று பிறந்தது வேறு, அடிக்குரலைத் தாங்குவதற்கென்று பிறந்தது வேறு. தோட்டப்புறத்துக்கு இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இடையில் பல ஆண்டுகள், முதல் வகையை வைத்துக்கொண்டே மூன்றாவது வகையின் வேலையை வாங்கப் பார்த்தார்கள். கதை அங்கேதான் இருக்கிறது.

தென்னமரத்தில் செம்பனை

கோலசிலாங்கூர் தோட்டங்களின் வரலாற்றில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் தவறாமல் வரும். 1905-இல் மலாயாவுக்கு வந்த அவர், ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். நாட்டில் வணிக நோக்கோடு நடப்பட்ட முதல் செம்பனை அதுதான். இன்று மலேசியாவின் பொருளாதாரத்தையே தாங்கும் ஒரு பயிர், தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு தோட்டத்தில் தொடங்கியது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. ஃபோக்கோனியே பிறகு எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. மலாயாத் தோட்ட வாழ்க்கைதான் அதன் களம்.

அந்தத் தோட்டங்களில் மரம் சீவவும் காடு வெட்டவும் வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்தவற்றில் தப்பும் உறுமியும் தவிலும் உண்டு. மின்சாரம் வருவதற்கு முன்பே தோட்டத்தில் அடிக்குரல் இருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறுமியின் ஒரு பக்கத்தோலை வளைந்த குச்சியால் உரசும்போது எழும் அந்த முனகல், லயத்தின் கடைசி வீட்டில் படுத்திருப்பவரின் நெஞ்சிலும் வந்து இடிக்கும். அதற்கு ஆம்ப்ளிஃபையர் தேவைப்படவில்லை. அகலமான தோல், காற்றை அகலமாகத் தள்ளியது. ஸ்பீக்கரின் ரகசியமும் இதுவேதான்: தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும்.

பெருங்குரல் பிறந்தது

தென்னமரத்தில் செம்பனை நடுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1915-இல், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நாப்பா என்ற சிற்றூரில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர் ஓர் ஒலிபெருக்கியைச் செய்து முடித்திருந்தார்கள். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள். அது அசைய, ஒரு தகடு அசைய, அந்த அசைவை ஒரு பெரிய ஊதுகுழல் ஊருக்கெல்லாம் கேட்கச் செய்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன்னால் பெருங்கூட்டத்துக்கு அதை ஒலிக்கவிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் மாக்னவாக்ஸ். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள். 1919-இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான் டியேகோவில் பல்லாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் அதன் வழியாகத்தான் பேசினார்.

ஆக, ஒலிபெருக்கியின் முதல் பெரிய வேலை பேச்சு. தலைவர் பேச வேண்டும், கூட்டம் கேட்க வேண்டும். மனிதப் பேச்சு புரிவதற்கு விநாடிக்குச் சுமார் 300 அதிர்விலிருந்து 3,400 அதிர்வு வரை கிடைத்தால் போதும். தொலைபேசி நெடுங்காலமாக இந்த எல்லைக்குள்தான் இயங்கியது. அதற்குக் கீழே இருக்கும் ஒலியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பாட்டுக்கான ஸ்பீக்கர் வந்தது 1925-இல். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் ஊதுகுழலைத் தூக்கிப் போட்டுவிட்டு, காகிதக் கூம்பு ஒன்றைக் கம்பிச்சுருளோடு ஒட்டி நேரடியாகக் காற்றைத் தள்ளவிட்டார்கள். இன்றைக்கும் கைப்பேசி முதல் கச்சேரி மேடை வரை பெரும்பாலான ஸ்பீக்கர்களின் அடிப்படை அந்த அமைப்புதான். நூறு ஆண்டுகளாக அடிப்படை மாறாத மின்சாதனங்கள் வேறு எத்தனை இருக்கின்றன?

கூம்பு ஸ்பீக்கருக்கு ஒரு குறை உண்டு. கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் ஒலியாக மாற்றும், மற்றதெல்லாம் சூடு. ஊதுகுழல் வகை அதைப்போலப் பல மடங்கு கொடுக்கும். கார் பேட்டரியையோ, இரவில் குறித்த நேரத்தில் நிறுத்தப்படும் தோட்டத்து ஜெனரேட்டரையோ நம்பிய இடங்களில் எந்த வகை நிலைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வானத்திலிருந்து வந்த பேச்சு

1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட பிறகு, ஒலிபெருக்கி அரசாங்கத்தின் ஆயுதங்களில் ஒன்றாயிற்று. 1946-இல் தொடங்கப்பட்ட ரேடியோ மலாயா, புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொதுவில் கேட்பதற்கான வானொலிப் பெட்டிகளைக் கொண்டு சேர்த்தது, தமிழிலும் ஒலிபரப்பியது. தகவல் துறையின் வண்டிகள் திரையையும் படக்கருவியையும் ஒலிபெருக்கியையும் ஏற்றிக்கொண்டு கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் போயின. படம் பார்க்க மக்கள் கூடுவார்கள். படத்துக்கு முன்னும் பின்னும் அரசு சொல்ல வேண்டியதைச் சொல்லும். 1950-களில் டகோட்டா விமானங்களில் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு காட்டுக்கு மேல் பறந்தார்கள். காட்டுக்குள் இருந்தவர்களைப் பெயர் சொல்லிச் சரணடையக் கூப்பிட்டன அந்த விமானங்கள்.

காட்டின் ஓரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த மக்களுக்கு ஒலிபெருக்கி என்றால் இப்படித்தான் அறிமுகம். யாரோ மேலிருந்து பேசுகிறார்கள், கீழிருப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே கருவியைப் பிறகு கோயில் கமிட்டி வாடகைக்கு எடுத்துத் தென்னை மரத்தில் கட்டி, பக்திப் பாடல் போட்டபோது கருவி கைமாறியது. காப்புக் கட்டிய நாள் முதல் தீமிதி முடியும் வரை தோட்டத்தின் குரலாக அது ஆனது. எந்தத் தோட்டத்தில் திருவிழா என்பதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் காதாலேயே தெரிந்துகொண்டார். இந்தக் கைமாற்றத்தை வரலாற்று நூல்களில் தேடினால் கிடைப்பது அரிது.

ஆனால் அந்த ஒலிபெருக்கியில் பேஸ் கிடையாது. ஏன் என்பதற்கு ஒரே ஒரு கணக்குப் போதும். பேஸ் கித்தாரின் மிகத் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியின் ஓர் அலை, காற்றில் எட்டு மீட்டருக்கு மேல் நீளம். லயத்து வீட்டின் அறை ஒன்றுக்குள் அடங்காத நீளம் அது. அதை முறையாகத் தள்ள வேண்டுமென்றால் ஊதுகுழலின் வாய் மீட்டர் கணக்கில் அகலமாக இருக்க வேண்டும். மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரின் வாயோ இரண்டு முழத்துக்குள்தான். 300-க்குக் கீழே அது ஏறக்குறைய ஊமை. அதனால்தான் தூரத்துத் திருவிழாவில் பாடகர் குரலும் நாகஸ்வரமும் கேட்கும். பின்னணியின் அடிக்குரல் கேட்காது.

பேஸ் கித்தார் வருகிறது

1951-இல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், இசைக்குழுக்களின் கணக்கையே மாற்றியது. ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர், அதைத் தோளில் மாட்டிக்கொள்ள முடிந்தது. ஆனால் கித்தார் மட்டும் இருந்து என்ன பயன்? ஒலிக்க ஸ்பீக்கர் வேண்டுமே. அடுத்த ஆண்டே பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபையரை ஃபெண்டர் கொண்டுவந்தார். அதில் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். சில ஆண்டுகளில் அதை மாற்றி நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களைப் போட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்ப்ளிஃபையரைச் செய்தபோது இந்தப் பேஸ்மேனைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார். பேஸுக்கென்று பிறந்த ஒன்று கடைசியில் உலகத்தின் சாதாரணக் கித்தார் ஒலியைத் தீர்மானித்தது. பேஸ் வாசிப்பவர்கள் மறுபடியும் ஸ்பீக்கர் தேடி அலைந்தார்கள்.

1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். இரண்டு கித்தார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என்ற அந்த அமைப்பு இங்குள்ள இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. தெருவுக்குத் தெரு குழுக்கள் முளைத்தன. மலாய் மொழியில் இவற்றுக்குக் கூகிரான் என்று பெயர். விறுவிறுப்பான கித்தார்க் குழு என்ற சொற்களின் சுருக்கம். அந்த அலையின் இசைக்குப் பாப் யே யே என்று பெயர் வந்தது. பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற இரு தமிழ்ச் சகோதரர்கள் தொடங்கிய ஆலிகேட்ஸ் பின்னாளில் நாடறிந்த மலாய்ப் பாப் குழுவாக வளர்ந்தது. 2007-இல் லோகநாதன் மறைந்தபோது எல்லா இனத்தவரும் வருந்தினார்கள்.

தோட்டப்புறத்து மேடைகளில் பேஸ் கித்தார் தவிர்க்க முடியாததாக ஆனதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கித்தார் வெறும் தாளத்துக்குத் துணை போவதோடு நிற்கவில்லை; தனக்கென்று ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு பாடகரோடு கூடவே நடந்தது. அந்தப் பாடலை மேடையில் பேஸ் இல்லாமல் வாசித்தால் தூண் இல்லாத கூரை மாதிரி இருக்கும். வீட்டு ரேடியோவில் இருந்த கையகல ஸ்பீக்கர் 41 அதிர்வைக் கொடுத்ததே இல்லை. அதற்கு மேலே எழும் துணை ஒலிகளை மட்டும் கொடுக்கும். காது மீதியைத் தானாக நிரப்பிக்கொள்ளும். மனிதக் காதின் விந்தை இது. சின்னப் பெட்டியில் பழகிய பாட்டின் அடிப்பாகத்தை, மேடையில் நல்ல ஸ்பீக்கர் வழியாகத்தான் உடம்பால் உணர முடியும்.

கூம்பு கிழிந்த காரணம்

இங்கேதான் விபத்து. குழுவுக்குக் கிடைத்தது எந்த ஸ்பீக்கரோ அதைப் பேஸுக்குப் போட்டார்கள். கிழிந்தது. கருகியது. வாட் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரிய வாட் தேடினார்கள்.

உண்மைக் காரணம் வேறு. ஒரே அளவு சத்தம் வேண்டுமென்றால், ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். சாதாரணக் கித்தாரின் தடித்த கம்பி 82 அதிர்வு. பேஸ் கித்தாரின் தடித்த கம்பி 41. அதாவது கித்தாருக்கு ஒரு மில்லிமீட்டர் ஓடிய கூம்பு, பேஸுக்கு நான்கு மில்லிமீட்டர் ஓட வேண்டும். இப்போது பலர் வைத்திருக்கும் ஐந்து கம்பிப் பேஸில் கடைசிக் கம்பி 31 அதிர்வுக்கு இறங்குகிறது; அதற்கு இதையும் தாண்டிய ஓட்டம் வேண்டும். கித்தாருக்கென்று செய்த ஸ்பீக்கரில் கம்பிச்சுருள் அவ்வளவு தூரம் ஓட இடமே இல்லை. பின்தட்டில் இடிக்கும். அல்லது காந்த இடுக்கை விட்டு வெளியே வந்து கோணலாக உட்கார்ந்துவிடும். வாட் என்பது சுருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று சொல்லும் எண். கூம்பு எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அது சொல்வதில்லை.

புகழ்பெற்ற பெயர்களைத் தேடி அலைகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இங்கிலாந்தின் செலஷன் நிறுவனத்தின் 12 அங்குல ஸ்பீக்கர்கள் உலகப் புகழ் பெற்றவை. வாக்ஸ், மார்ஷல் பெட்டிகளில் அவை கொடுத்த ஒலியை இன்றும் பிரதியெடுக்கப் பார்க்கிறார்கள். 1960-களில் வந்தவற்றுக்குச் சேகரிப்போர் பெரும் விலை கொடுக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் தாங்கியது 15 முதல் 30 வாட்தான். அதனால்தான் மார்ஷல் ஒரு பெட்டிக்குள் நான்கைப் போட்டார். அப்படிப்பட்ட ஒன்றை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, இன்றைய 300 வாட் பேஸ் ஆம்ப்ளிஃபையரில் மாட்டுவது, பந்தயப் புறாவின் காலில் செங்கல் கட்டுவது போலத்தான்.

அமெரிக்காவின் ஜென்சன் நிறுவனத்தின் 1950-களின் 15 அங்குல ஸ்பீக்கர்களும் இப்படியே. குரல் இனிமை, உடம்பு மெலிவு. சிறிய அறையில், மிருதங்கம் ஹார்மோனியத்தோடு வாசிக்க அழகாக இருக்கும். 1960-இல் வந்த ஆம்பெக் பி-15 என்ற பெட்டியில் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கரும் 30 வாட்டுக்குள் அடங்கிய ஆம்ப்ளிஃபையரும்தான். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸோடு சேர்த்துப் பேசப்படும் பெட்டி அது. பழைய பேஸ் ஒலி என்று இன்று ஏங்குகிறார்களே, அது பெரும்பாலும் சிறிய சத்தத்தில் எழுந்த ஒலி. திறந்தவெளித் திடலில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

திடலுக்கு வழி காட்டியதும் ஆம்பெக் நிறுவனம்தான். 1969-இல் 300 வாட் எஸ்விடி ஆம்ப்ளிஃபையருக்கு அது செய்த பெட்டியில் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள், முழுக்க மூடிய அறைகளில். ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் ஓடும். எட்டும் சேர்ந்து நிறையக் காற்றைத் தள்ளும். ஒரு பெரிய உறுமிக்குப் பதில் எட்டுத் தப்பு. கணக்கு ஒன்றுதான். 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் கூம்புப் பரப்பு சுமார் 350 சதுர சென்டிமீட்டர். நான்கு சேர்ந்தால் 1,400. ஒரு 15 அங்குலத்தின் பரப்போ சுமார் 850. நல்ல 15 கிடைக்காவிட்டால், ஒரே வகையைச் சேர்ந்த நான்கு 10-ஐத் தேடுவது கெட்டிக்காரத்தனம்.

பழையவற்றில் பேஸுக்குத் துணிந்து வாங்கக்கூடியவை உண்டு. ஜேம்ஸ் லான்சிங் 1946-இல் தொடங்கிய ஜேபிஎல் நிறுவனத்தின் 15 அங்குல வகைகள், எலக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனத்தின் 15 அங்குல மேடை ஸ்பீக்கர்கள் ஆகியவை கனமான வார்ப்பு அலுமினியச் சட்டத்தோடும் பெரிய சுருளோடும் வந்தன. எடை அதிகம். பெயரில்லாத, ஆனால் கச்சேரி மேடையில் டிரம்ஸுக்கும் பேஸுக்கும் ஓடிய 1980-களின் 15 அங்குலம் ஒன்று, கூம்பு நன்றாக இருந்தால், பெயர் பெற்ற 12 அங்குலக் கித்தார் ஸ்பீக்கரைவிடப் பேஸுக்குப் பல மடங்கு மேல். சேகரிப்போருக்கு இது பிடிக்காது. மேடையில் வாசித்துச் சோறு தின்பவருக்கு இதுதான் கணக்கு.

காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஸ்பீக்கரில் அல்னிகோ காந்தம் இருந்தால் விலை ஏறிவிடுகிறது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது அது. கோபால்ட் அதிகம் கிடைத்த ஸயர் நாட்டில் 1978-இல் சண்டை மூண்டதும் விலை எகிறியது. நிறுவனங்கள் மலிவான ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. அந்த மாற்றம் பணத்துக்காக நடந்தது. அல்னிகோவுக்கென்று ஒரு குரல் உண்டு என்பவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அல்னிகோ, பலத்த அடியிலும் அளவுமீறிய மின்சாரத்திலும் வலுவிழக்கக்கூடியது. ஃபெரைட்டுக்கு அந்தப் பயம் குறைவு. பேஸுக்கு ஃபெரைட் போதும்.

பெட்டி இல்லாத ஸ்பீக்கர்

1970-கள் வரை ஸ்பீக்கர் பெட்டிகளைப் பெரும்பாலும் கண்ணளவில்தான் செய்தார்கள். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளத் துவாரம் என்பதைக் கணக்காகச் சொல்லும் முறையை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் வெளியிட்டார். உள்ளூர்ச் சஞ்சிகையில் வந்ததால் உலகம் கவனிக்கவில்லை. 1971-இல் அமெரிக்கச் சஞ்சிகை அதை மறுபதிப்புச் செய்தது. ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்று புதிய ஸ்பீக்கர் ஒவ்வொன்றோடும் அந்த எண்கள் வருகின்றன. அதற்கு முந்திய ஸ்பீக்கர்களோடு வருவதில்லை. பழையதை வாங்குகிறவர் அளந்து பார்க்கத் தெரிந்த ஒருவரைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் துவாரம் வைக்காமல், முழுக்க மூடிய பெட்டியில் போட வேண்டும். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று மெத்தை போலக் கூம்பைத் தாங்கும். துவாரப் பெட்டியில் கணக்குத் தவறினால், தாழ்ந்த ஸ்வரத்தில் கூம்பைப் பிடிக்க ஒன்றுமே இல்லாமல் போகும். பின்பக்கம் திறந்த கித்தார்ப் பெட்டியோ பேஸுக்கு ஆகவே ஆகாது. முன்னால் தள்ளிய காற்று பின்னால் சுற்றிப்போய்த் தன்னையே அழித்துக்கொள்ளும்.

இந்த மண்ணுக்கென்று ஒரு பிரச்சினையும் உண்டு. தஞ்சோங் காராங்கிலிருந்து சபாக் பெர்ணம் வரை கடலோர ஈரம். காகிதக் கூம்பு ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும். கரப்பானும் எலியும் அதைத் தின்னும். காந்த இடுக்கில் துரு கட்டும். 1970-கள், 80-களில் வீட்டு ஸ்பீக்கர்களுக்கு வைத்த நுரைப்பஞ்சு ஓரம் இந்த வெப்பத்தில் பதினைந்து இருபது ஆண்டில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். துணி ஓரமும் மடிப்புக் காகித ஓரமும் நிலைக்கும். ஆகவே ஓரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரப்பர் ஓரம் வைத்தவையும் உண்டு. ஆனால் அவற்றில் இருப்பது பெரும்பாலும் செயற்கை ரப்பர். 1942-இல் மலாயாவை ஜப்பானியர் பிடித்ததும் பால் கிடைக்காமல் அமெரிக்கா அவசரமாக வளர்த்த தொழில் அது. தோட்டத்து மக்கள் சீவிய பாலுக்கு, ஒரு போரால் போட்டியாக வந்த சரக்கு, அவர்களுடைய ஸ்பீக்கரின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கடையில் என்ன செய்வது? இரு கை விரல்களையும் அகல வைத்துக் கூம்பை மெல்ல உள்ளே அழுத்த வேண்டும். மணல் உரசுவதுபோல் சத்தம் வந்தால் சுருள் கோணியிருக்கிறது அல்லது துரு கட்டியிருக்கிறது, கீழே வைத்துவிடலாம். மீட்டர் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் ஆறு காட்டும், 16 ஓம் பன்னிரண்டு பதின்மூன்று காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்தது. டார்ச்லைட் பேட்டரி ஒன்றை ஒரு நொடி தொட்டால் கூம்பு முன்னே வரும். பழைய ஜேபிஎல் மட்டும் அதே இணைப்பில் உள்ளே போகும். அது பழுது இல்லை, அந்த நிறுவனத்தின் பழைய வழக்கம். ஆனால் அதையும் வேறொன்றையும் ஒரே பெட்டியில் போடும்போது கம்பியை மாற்றிக் கொடுக்காவிட்டால் ஒன்றை ஒன்று அழித்து, பேஸ் காணாமல் போகும். தோட்டத்து மைக் செட்டிலிருந்து கழற்றியது என்றால் கூடவே சிறிய டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நீண்ட கம்பியில் பேச்சை அனுப்பச் செய்த வகை, பேஸுக்கு உதவாது.

சீட்டை நம்பக் கூடாது. புதுச் சீட்டு அச்சடிக்க அதிகச் செலவில்லை. சட்டத்தில் குத்தப்பட்ட எண்ணைப் பார்க்கலாம்: அமெரிக்கச் சரக்கில் 220 என்று தொடங்கினால் ஜென்சன், 67 என்றால் எமினென்ஸ், 137 என்றால் சிடிஎஸ். தொடர்ந்து வரும் எண்கள் செய்த ஆண்டையும் வாரத்தையும் சொல்லும். கூம்பு மாற்றியது என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நல்ல கையால் கூம்பும் சுருளும் மாற்றிய பழைய சட்டம், ஐம்பது ஆண்டு பழைய அசல் காகிதத்தைவிடப் பேஸுக்குப் பாதுகாப்பு.

பெட்டிக்கு இடம் எங்கே?

பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. பெயர் மாறுவதற்கு முன்பே சுற்றுத் தோட்டங்களில் ஆட்கள் குறையத் தொடங்கிவிட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவைப்படவில்லை. நிலம் கைமாறியது. வட சிலாங்கூரின் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்த கதை பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தது. மற்றத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் பட்டணத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள்.

லயத்து வீட்டின் அஞ்சடியில் ஒரு 15 அங்குலப் பெட்டியை வைக்கலாம். அடுக்குமாடியின் நாலாம் மாடிக்கு அதை ஏற்றுவது யார், ஏற்றினாலும் வாசிப்பது எப்படி? அதனால்தான் இந்தப் பெட்டிகள் பழைய சாமான் கடைக்கு வருகின்றன. இரும்புக்கும் செம்புக்கும் எடை போட்டு விற்கப்படுபவையும் அவற்றில் இருக்கின்றன. சுருள் நன்றாக இருக்கும், சட்டம் நன்றாக இருக்கும், கூம்பில் மட்டும் ஒரு விரல் நீளக் கிழிசல். மெல்லிய தாளும் பசையும் கொண்டு அரை மணி நேரத்தில் ஒட்டிவிடக்கூடிய கிழிசல் அது. வாங்கப் போகிறவர் கையில் ஒரு பேட்டரியும் ஒரு மீட்டரும் இருந்தால், எடை தட்டுக்குப் போவதற்கு முன் அதைப் பிரித்து எடுத்துவிடலாம்.